கூடு பறித்த மறுநாள் கண்ணூர்

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் வெளியூர் போனார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். கைக்குழந்தையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு நாள் போய்வரலாம். புழுவை யார் கையில் கொடுப்பது? வேளைக்கு வேளை இலை போட வேண்டும், கழிவு எடுக்க வேண்டும், சுண்ணாம்பு தூவ வேண்டும், எறும்பும் பல்லியும் அண்டாமல் பார்க்க வேண்டும். ஊதுவத்தி வாசம் ஆகாது. கொசுவத்திப் புகை ஆகாது. பூச்சி மருந்து அடித்த வயலில் நடந்துவந்த கால்கூட ஆகாது. ஒரு தட்டுப் புழு சுணங்கினால் கொட்டகை மொத்தமும் சுணங்கிவிடும்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற வழியில் இருக்கும் முருகேஷ் வீட்டில் இந்தச் சட்டம் இருபத்திரண்டு வருஷமாக நடந்துவந்தது. வெண்மதி வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் நாள் புழு வந்துவிட்டது. அதியமான்கோட்டையில் இருக்கும் தாய் வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்கு அவள் மட்டும் போனாள். "மாப்ள எங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எலை வெட்றாரு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. முருகேஷின் தம்பி கல்யாணம் தர்மபுரியில் நடந்தபோது முதல் நாள் வரவேற்புக்கு அவள் போனாள், காலை முகூர்த்தத்துக்கு அவன் போனான். அவள் திரும்புகிற பஸ்ஸும் அவன் போகிற பஸ்ஸும் வழியில் ஒன்றையொன்று தாண்டின. ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டார்கள். அந்த முக்கால் மணி நேரம்தான் கொட்டகை ஆளில்லாமல் கிடந்தது. பக்கத்து சீட்டு அம்மாள், "யாரும்மா அது, சொந்தமா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, கொஞ்சம் சொந்தம்" என்றாளாம் வெண்மதி.

அவளுக்கு ஆசை பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். போன வருஷம் மகளிர் குழுக்காரர்கள் வேன் வைத்துக் கன்னியாகுமரிக்குப் போனார்கள். முருகேஷ்தான் "போய்ட்டு வா, நான் பாத்துக்கறன்" என்று அனுப்பிவைத்தான். வேன் போய் நின்றது, இறங்கினாள், கடலைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் "ஏங்க, இங்க பாருங்க!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினால், பின்னால் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டு நிற்கிறாள். "என்னத்தப் பாக்கச் சொல்ற?" என்றாள் குள்ளம்மாள். வேனில் இருந்த பதினெட்டுப் பெண்களும் ஊர் வந்து சேருகிற வரை அதைச் சொல்லியே சிரித்தார்கள். வெண்மதியும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு நெஞ்சில் விழுந்த ஏக்கம் அப்படியே தங்கிவிட்டது. அவன் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தரம் கடலைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் சுசித்ராவிடம் சொன்னாள். சுசித்ரா கெட்டிக்காரி. கன்னியாகுமரி தூரம், கண்ணூர் என்றால் ஓசூர், தர்மபுரி வழியாகவே ரயில் போகிறது, வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் காலையில் கேரளம், சனியும் ஞாயிறும் கடல், திங்கட்கிழமை காலை வீடு என்று எல்லாவற்றையும் போனிலேயே சொன்னாள். அவள் ஓசூரில் ஏறிக்கொள்வாள், இவர்கள் தர்மபுரியில் ஏற வேண்டும்.

"டிக்கெட் போட்டுடட்டுமாம்மா?"

"போடு பாப்பா."

"அப்பா வருவாரா?"

"வருவாரு, வருவாரு. ஏன் வராம?"

"சரி சரி. பாப்போம்" என்றாள் மகள்.

முருகேஷிடம் சொன்னபோது அவன் மல்பெரிக் குச்சியை வெட்டிக்கொண்டிருந்தான். "ம்" என்றான். அந்த 'ம்'மை வெண்மதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எந்த 'ம்' எந்த ரகம் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு காலண்டரை எடுத்து உட்கார்ந்தாள். இளம்புழு வளர்த்துக் கொடுக்கும் மாதையன், திங்கட்கிழமை புழுவைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பதினேழாம் நாள் புதன்கிழமை. அன்றைக்குப் புழு பழுக்கும். பழுப்பது என்றால், தின்பதை நிறுத்திவிட்டு, உடம்பு வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆகி, கூடு கட்ட இடம் தேடித் தலையைத் தூக்கி ஆட்டும். எடுத்து வலையில் விட்டால் ஆறாம் நாள் கூடு பறிக்கலாம். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மார்க்கெட். அன்றைக்கே கொட்டகை கழுவி பிளீச்சிங் போடுவது. வெள்ளி ரயில். திரும்பி வந்த ஐந்தாம் நாள் அடுத்த புழு. இரண்டு தோட்டம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இலை வெட்டுகிறவர்களுக்கு இப்படி ஒரு இடைவெளி கிடைப்பதே அபூர்வம். மூன்று நாள் உபரி வேறு இருக்கிறது. வெண்மதி வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் குளிர். குளிர் என்றால் புழு மந்தம். சாதாரண நாளில் கொட்டகைக்குள் நுழைந்தால் ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைக் கடிக்கிற சத்தம் தூறல் மாதிரி கேட்கும். இப்போது வெளியேதான் தூறல் கேட்டது, உள்ளே சத்தம் செத்துக் கிடந்தது. நாலாம் தோலுரிப்புக்குப் படுத்த புழு ஒரு நாளில் எழ வேண்டியது, இரண்டு நாள் ஆகியும் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தது. வெண்மதி குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தாள். கரி அடுப்பு மூட்டி உள்ளே வைத்தாள். சூடு ஏறிவிட்டதோ என்று வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"உன் டிக்கெட்டு விசயம் புழுவுக்குத் தெரியுமா?" என்றான் முருகேஷ், வாசலில் நின்று.

"நம்ம டிக்கெட்டு."

"சரி, நம்ம டிக்கெட்டு. நீ பத்து தரம் போயி எட்டிப் பாத்தா மட்டும் அது எந்திரிச்சிருமா?"

"உங்களுக்கென்ன, கல்லாட்டம் நிப்பீங்க. எனக்குத்தான் ஒரு எடத்துல உக்கார முடியல."

துணிப்பை ஒன்றில் சாமான் எடுத்துவைத்தாள். இரண்டு புடவை, அவனுக்கு இரண்டு வேட்டி, சுசித்ரா வாங்கி அனுப்பியிருந்த அரைக்கால் டவுசர் ஒன்று. டவுசரைப் பார்த்த முருகேஷ், "இத யாரு போடறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். டவுசரை வெளியே எடுத்தாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி உள்ளே வைத்தாள். ஊறுகாய் வைத்தாள், தலைவலித் தைலம் வைத்தாள். மகள் வெயிலுக்குப் பூசிக்கொள்ள ஒரு கிரீமும் அனுப்பியிருந்தாள். அதன் மூடியைத் திறக்கவே இவளுக்குப் பயம். வாசனை கையில் ஒட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டால்? சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. படுத்தால் கால் இரண்டும் தானாக ஆடின. போனில் கண்ணூர்க் கடற்கரையை எடுத்துப் பார்ப்பாள், கார்கள் மணலில் ஓடும், ஆட்கள் காலை நனைத்துக்கொண்டு நிற்பார்கள், இவளுக்குப் பொறுக்காது, அணைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடுவாள்.

புழு புதன்கிழமை பழுக்கவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலையை ஆட்டியது. சனிக்கிழமைதான் மொத்தமாகப் பழுத்தது. வெண்மதி விரல்விட்டு எண்ணினாள். சனியிலிருந்து ஆறாம் நாள் வியாழன். வியாழன் பறித்தால் வெள்ளி காலை மார்க்கெட், வெள்ளி இரவு ரயில். உபரி மூன்று நாளும் போயே போய்விட்டன. இனி ஒரு மணி நேரம் தவறினாலும் எல்லாம் போச்சு.

புதன்கிழமையே ஒரு கூட்டை வெட்டிப் பார்த்தாள். உள்ளே கூட்டுப்புழு இன்னும் வெளுத்து, மெத்தென்று இருந்தது. இப்போது பறித்தால் நசுங்கிக் கூடெல்லாம் கறை ஆகிவிடும். "பழுப்பு நெறத்துக்கு வரட்டும்" என்றான் முருகேஷ். "வந்துடுமா நாளைக்கு?" என்றாள். "வரும்" என்றான். வந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் குள்ளம்மாளும் வந்து கைகொடுக்க, நாலு மணிக்குள் பறித்து முடித்தார்கள். வழக்கமாக மறுநாள் செய்கிற கொட்டகை கழுவலை வெண்மதி அன்று சாயங்காலமே செய்தாள். பிளீச்சிங் நெடியில் கண்ணீர் வழிய, "ஏண்டி, உனக்குப் பேய் கீய் புடிச்சிருக்குதா?" என்று குள்ளம்மாள் திட்டிக்கொண்டே வாளி எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முருகேஷ் கூட்டு மூட்டைகளோடு தர்மபுரிக்கு வேன் ஏறினான். போகும்போதே வெண்மதி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்: "மாதையண்ணன் கிட்ட, அடுத்த புழு வர்ற வெள்ளிக்கெழம போதும்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

அவன் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினான். வெண்மதி தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, அந்தக் கிரீமை முகத்தில் பூசிக்கொண்டு நின்றாள். கொட்டகையில் புழு இல்லை. எந்த வாசனையும் பூசலாம். "நல்லா போச்சா?" என்று கேட்டாள். "ம், நல்ல கூடுன்னாங்க" என்றான். செருப்பைக் கழற்றினான், தண்ணீர் குடித்தான், சொம்பை வைத்த இடத்திலேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கெழம புழு வருது" என்றான்.

"எங்க?"

"நம்மூட்டுக்குத்தான். மாதையண்ணன் போன் பண்ணாரு. அறிவழகன் தோட்டத்துல எலை தேறலயாம். அவனுக்கு வெச்ச புழு சும்மா நிக்குது, ஞாயித்துக்கெழம அனுப்பட்டுமா முருகேசுன்னு கேட்டாரு. அனுப்புங்கன்னுட்டன்."

இத்தனை நாள் மழையோடும் குளிரோடும் புழுவோடும் மல்லுக்கட்டியது எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்கா?

"காலையில என்ன சொல்லி அனுப்பினன்?"

"ஞாபகம் இருந்துச்சு."

"இருந்துமா சொன்னீங்க?"

"புழு வேணுமான்னு கேட்டா வேணாம்னு நான் என்னைக்குச் சொல்லியிருக்கறன்? வாய் அதுவா சொல்லிருச்சு." பிறகு, அவள் எதிர்பார்த்த அதே வார்த்தை வந்தது. "நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறன்."

"நான் கடலப் பாத்துட்டன்!" என்று கத்தினாள் வெண்மதி. வேலிக்கு அந்தப் பக்கம் குள்ளம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்துகிற அளவுக்குக் கத்தினாள். "பாத்த கடல மறுபடி பாக்கறதுக்கா இருபது நாளா நான் சோறு திங்காம அலைஞ்சன்? உங்களக் கூட்டிட்டுப் போவத்தான அலைஞ்சன். வேணும்னேதான சொன்னீங்க அவருகிட்ட? சொல்லுங்க!"

முருகேஷ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் பகலில் உட்கார்ந்து அவள் அதிகம் பார்த்ததில்லை.

"வேணும்னேயான்னு தெரியல" என்றான். "ஆனா சொன்ன ஒடனே மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. பொய் சொல்லல." தலையைக் குனிந்துகொண்டு, "அங்க போயி என்ன பண்றது வெண்மதி? எலை வெட்ற வேல இல்ல. தட்டு மாத்தற வேல இல்ல. நீயும் நானும் ரெண்டு நாளு எதிர எதிர உக்காந்து என்னத்தப் பேசறது? நாம புழுவ உட்டா வேற என்ன பேசியிருக்கறம்? நீ தூங்குனா நான் முழிச்சிருப்பன், நான் தூங்குனா நீ முழிச்சிருப்ப. அங்க போயி பேச ஒண்ணுமில்லாமப் போயிட்டா? எனக்குப் பயமா இருக்குது" என்றான்.

வெண்மதியின் கோபம் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இருபது நாளாகச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது மழை மட்டும் இல்லை, இதுவும்தான். அவள் அதைப் பையில் புடவைக்கு அடியில் மடித்து வைக்கிற மாதிரி வைத்துவிட்டு, புழுவின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஓடியிருந்தாள். இந்த மனுஷன் நேராகச் சொல்லிவிட்டான். அவன் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆசையாகவும் இருந்தது.

"பேச ஒண்ணுமில்லன்னா பேசாம இருப்பம்" என்றாள். "கடல் சத்தம் போடும்ல. அது போடட்டும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மாதையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, முருகேஷ் வூட்டுக்காரி பேசறன். ஞாயித்துக்கெழம புழு வேணாங்க அண்ணா. அடுத்த வெள்ளிக்கெழம அனுப்புங்க."

"ஏம்மா, இப்பத்தான முருகேசு சரின்னான்? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கறம். ஊருக்குப் போறம்."

"சரி, நீ போயிட்டு வா தாயி. அவன் இருப்பானில்ல?"

"இல்லீங்க அண்ணா. அவரும் வர்றாரு."

அந்தப் பக்கம் மாதையன், "அவனுமா?" என்றார். பிறகு, "எனக்கு ஒண்ணும் செரமமில்ல. கலைவாணன் கேட்டுட்டுத்தான் இருக்கறான், அவனுக்குத் தந்துடறன். நல்லபடியா போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டார். இவ்வளவுதானா என்று வெண்மதிக்கு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லையே என்று தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு முருகேஷ் முகச்சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தான். இப்போது அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. குழாயை மூடினானா என்று பார்க்கப் போனான். கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான், மறுபடி போய் இழுத்தான். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு இப்பவே கெளம்பலாமா?" என்று இரண்டு தரம் கேட்டான். வெண்மதி எந்தப் பெட்டி, எந்த சீட்டு என்று கேட்பதற்காக மகளுக்குப் போன் செய்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"நாங்க ரெடி பாப்பா. அப்பா சட்டையெல்லாம் போட்டுட்டு நிக்கறாரு. எங்க ரெண்டு பேருக்கும் எந்த பொட்டின்னு சொல்லு."

வெண்மதி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சுசி? கேக்குதா?"

"அம்மா..." என்றாள் சுசித்ரா. குரல் இறங்கியிருந்தது. "அப்பா நெசமாவே வர்றாரா?"

"வர்றாரு. ஏன்?"

"நான் ரெண்டு டிக்கெட்டுதாம்மா போட்டேன். உனக்கும் எனக்கும். நீங்க ரெண்டு பேரும் சேந்து எங்கயும் வந்ததே இல்லையேம்மா. ஸ்கூலுக்கு வந்தாலும் ஒருத்தர்தான், காலேஜுக்கு வந்தாலும் ஒருத்தர்தான். அப்பா கடைசி நேரத்துல நான் பாத்துக்கறன்னு நின்னுடுவாருன்னு நெனச்சேன். இப்ப சீட்டு எல்லாம் முடிஞ்சு போச்சு. சாரிம்மா. நான் ஒரு தரம் கேட்டிருக்கணும்."

வெண்மதி முருகேஷைப் பார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது. நிற்பதற்கு இதைவிட நல்ல சாக்கு ஒருத்தனுக்குக் கிடைக்காது. அவன் கேட்காமலே, யார் மனமும் நோகாமல், வீட்டோடு இருந்துவிடலாம். 'நீ போயிட்டு வா' என்ற வார்த்தைக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முருகேஷ் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"பாப்பா, அந்த ரயில்ல சீட்டு இல்லாதவங்க ஏறற பொட்டி இருக்குமில்ல?"

"அன்ரிசர்வ்டு இருக்குப்பா. ஆனா வெள்ளிக்கெழம கூட்டம் தாங்காது. விடிய விடிய நின்னுட்டுத்தான் வரணும்."

"நிக்கறன்" என்றான் முருகேஷ். "கொட்டகையில நிக்காததா? நின்னுட்டே வர்றன்."

வெண்மதிக்குக் கண் நிறைந்து வழிந்து, பூசியிருந்த கிரீமையெல்லாம் கரைத்துக்கொண்டு இறங்கியது. துடைக்கக்கூட இல்லை.

"சுசி, நீ நிம்மதியா காலை நீட்டிப் படுத்துக்க" என்றாள். "என் சீட்டுல பைய வெச்சுக்க. நான் அப்பாகூட நின்னுட்டு வர்றன்."